சேலத்தில் புதன்கிழமை தடுப்பூசி: மூளை உறைக் காய்ச்சலை எவ்வளவு தடுக்கும்?

சேலம் மாவட்ட ஆரம்ப சுகாதார நிலையங்களில் புதன்கிழமை போடும் இலவச ஊசிகளை மூளை உறைக் காய்ச்சல் (மெனிஞ்சைட்டிஸ்) என்ற ஒரே நோயை வைத்து எடைபோட்டால், கைக்குழந்தைக்குத் தாராளமாக நம்பிப் போகலாம். விடுதியில் தங்கிப் படிக்கும் பிள்ளைக்கு அது மட்டும் போதாது.

மூளையையும் தண்டுவடத்தையும் போர்த்தியிருக்கும் சவ்வில் அழற்சி வருவதுதான் இந்த நோய். பெரும்பாலும் வைரஸால் வரும், அது பலருக்குத் தானாகவே சரியாகிவிடும். பாக்டீரியாவால் வந்தால் சில மணி நேரத்தில் உயிரே போகலாம். பிழைத்தாலும் காது கேளாமல் போவது, வலிப்பு என்று பாதிப்பு தங்கிவிடும். நியூமோகாக்கஸ், ஹிப், மெனிங்கோகாக்கஸ் என்ற மூன்று பாக்டீரியாக்களும் முக்கியக் காரணங்கள். காசநோய்க் கிருமியாலும் இது வரும், ஆனால் வாரக்கணக்கில் மெல்ல முற்றும்.

பிறந்ததும் போடும் பிசிஜி, குழந்தையின் மூளையைக் காசநோயிலிருந்து காக்கிறது. 6, 10, 14 வாரங்களில் போடும், ஐந்து நோய்களுக்கான பென்டாவேலன்ட் ஊசியில் ஹிப் தடுப்பும் அடங்கும். தமிழ்நாட்டில் அது 2011 டிசம்பரில் வந்தது. நியூமோகாக்கஸுக்கான பிசிவி 2021 முதல் 6, 14 வாரங்களிலும் 9ஆம் மாதத்திலும் இலவசம். தனியாரில் பிசிவி ஒரு டோஸுக்கே ஆயிரத்துக்கு மேல் ஆகும். அடிக்கடி விட்டுப்போவது அந்த 9ஆம் மாத டோஸ்தான். தாமதமானால் முதலிலிருந்து தொடங்க வேண்டாம், விட்ட இடத்திலிருந்து போடலாம்.

ஏற்காடு மலைக் கிராமங்களுக்கு ஊசி மருந்து, ஐஸ் பேக் அடுக்கிய கேரியர் பெட்டியில் போகிறது. அதில் வெயிலைவிட, மருந்து உறைந்துபோவதற்குத்தான் அதிகம் பயப்பட வேண்டும், ஏனென்றால் பென்டாவேலன்ட்டும் பிசிவியும் உறைந்தால் வீண். ஃப்ரீசரிலிருந்து எடுத்த ஐஸ் பேக்கை அப்படியே அடுக்கக் கூடாது. வெளியே வைத்து, வியர்த்து, ஆட்டினால் உள்ளே தண்ணீர் குலுங்கும் சத்தம் கேட்ட பிறகே வைக்க வேண்டும். சூடு பட்டதா என்பதைக் குப்பியிலுள்ள வட்டம் சொல்லும்: உள்ளே இருக்கும் சதுரம் வட்டத்தைவிட வெளிறியிருந்தால் போடலாம், நிறம் ஒன்றாகிவிட்டால் கூடாது. ஆனால் உறைந்ததை இந்த வட்டம் காட்டாது. நர்ஸிடம் குப்பியைக் காட்டச் சொல்லிக் கேட்பதில் தவறே இல்லை. பல குழந்தைகளுக்குப் போதுமான பிசிஜி குப்பியைத் திறந்தால் 4 மணி நேரத்துக்கு மேல் வைக்க முடியாது. அதனால்தான் சில இடங்களில் குழந்தைகள் சேரும் நாளுக்கு வரச் சொல்கிறார்கள். காரணம் நியாயமானது, ஆனால் மலையிலிருந்து கைக்குழந்தையுடன் இறங்கி வந்தவரைத் திருப்பி அனுப்புவது நியாயமில்லை, முன்பே தகவல் சொல்ல வேண்டும்.

பெரிய குறை, மெனிங்கோகாக்கஸ் ஊசி அரசு அட்டவணையில் இல்லாததுதான். நெருக்கமாகத் தங்குமிடத்தில் எச்சில், இருமல் வழியாகப் பரவும் கிருமி அது. ஏற்காட்டு உறைவிடப் பள்ளிப் பிள்ளைகளுக்கும், வெளிநாட்டில் விடுதியில் சேரும் மாணவர்களுக்கும் தனியாரில் இந்தக் கிருமியின் ஏ, சி, டபிள்யூ, ஒய் நான்கு வகைக்குமான ஊசியைக் கேட்கலாம். பி வகையை அது தடுக்காது. ஹஜ் போகிறவர்கள் சவுதி சேர்வதற்குக் குறைந்தது 10 நாள் முன்பே போட்டிருக்க வேண்டும். இந்த நான்கு வகை ஊசிகளில் ஒன்றான மென்வியோ இரண்டு குப்பியாக வந்தால் கவனம்: ஒன்றில் பொடி, இன்னொன்றில் திரவம். பொடியில்தான் ஏ வகை இருக்கிறது. கலக்காமல் திரவத்தை மட்டும் ஏற்றினால் ஏ வகைக்குப் பாதுகாப்பே கிடைக்காது. கலப்பதைக் கண்ணால் பார்த்துவிட்டுக் கையை நீட்டுங்கள்.

எல்லா ஊசியும் போட்டிருந்தாலும் இந்த நோய் வரவே வராது என்றில்லை. அறிகுறிகள் இவை: காய்ச்சல், கடும் தலைவலி, வாந்தி, கழுத்து விறைப்பு, வெளிச்சம் கூசுவது. கைக்குழந்தைக்கு உச்சிக்குழி புடைப்பது, பால் குடிக்காமல் கீச்சென்று அழுவது. கண்ணாடி டம்ளரால் அழுத்தியும் மறையாத சிவப்புப் புள்ளிகள். இவற்றில் எதைக் கண்டாலும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. ஏற்காட்டில் இருந்தால் முதலில் அங்குள்ள அரசு மருத்துவமனையில் காட்டுங்கள். 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி சேலம் ஜி.ஹெச். போகும் முன் முதல் ஆன்டிபயாடிக் ஊசியை அங்கேயே போட முடியுமா என்று கேளுங்கள். தடுப்பூசி அட்டை கையில் இருக்கட்டும். எந்த டோஸ் விடுபட்டது என்று தெரிந்தால், எந்தக் கிருமியை முதலில் சந்தேகிப்பது என்று மருத்துவருக்குப் பிடி கிடைக்கும்.