கும்பகோணம் பக்கத்து ஆண்கள் விடுதி: மெஸ் கமிட்டிக்கு சபாஷ், அறைத் தலைவனுக்கு இல்லை

மாணவர் பொறுப்பு விஷயத்தில் இந்தப் பள்ளி விடுதியின் மெஸ் கமிட்டி அருமை. ஒன்பதாம் வகுப்புப் பையன்கள் இருவர் சாயங்காலமே மறுநாளுக்குத் தலை எண்ணி, அரிசியை அளந்து கொடுத்து, ஸ்டாக் நோட்டில் கையெழுத்துப் போடுகிறார்கள். 15 நாளுக்கு ஒருமுறை ஜோடியில் ஒருவன்தான் மாறுவான். அதனால் வேலை தெரிந்தவன் எப்போதும் ஒருத்தன் இருப்பான்.

அறைத் தலைவன் ஏற்பாடுதான் சொதப்பல். மார்க் பார்த்து வார்டனே நியமிக்கிறார், வருஷம் முழுக்க அவனேதான். அபராதம் போடும் அதிகாரமும் அவன் கையில் என்பதால் சின்னப் பசங்க அவன் துணியைத் துவைக்கிறார்கள். புகார்ப் பெட்டியை வார்டன் அறை வாசலிலேயே மாட்டினால் எவன் சீட்டுப் போடுவான்? ஐப்பசி அடைமழையில் கரண்ட் போனால் எந்தப் பையன் எதற்குப் பொறுப்பு என்ற பட்டியலும் இல்லை.

சாம்பார்? தண்ணி.