எட்டு வருடம், நான்கு தடவை சில்லு மாற்றம்: உப்புவெளியில் எங்கள் திறந்த வீடு

சென்ற வாரம் திருகோணமலை உப்புவெளியில் இருக்கும் எங்கள் வீட்டு விறாந்தைக் கதவுக்கு நான்காவது தடவையாகச் சில்லு மாற்றினோம். வேலைக்காரர் போனபின் அலுமினியத் தூளைக் கூட்டி அள்ளிக்கொண்டிருந்தபோது கனடாவிலிருந்து சின்னம்மாவின் மகன் கூப்பிட்டான். நிலாவெளியில் 20 பேர்ச் காணி வாங்கியிருக்கிறான். "அக்கா, உங்கட வீட்டுப் படங்களை மனிசிக்குக் காட்டினனான். அந்தக் கதவு மாதிரியே எங்களுக்கும் வேணும் எண்டு நிக்கிறா. எவ்வளவு காசு முடிஞ்சது?" என்றான். அந்த நேரத்தில் நான் சொன்ன பதிலில் கோபம்தான் கூட இருந்தது. கோபம் ஆறியபின் எழுதினால் நியாயமாக எழுதலாம் என்று நினைத்து இதை எழுதுகிறேன். முழுதாக ஆறிவிட்டது என்று சொல்லமாட்டேன்.

வீட்டைப் பற்றி அவனுக்குத் தெரியும், முன்பு விசாரித்த பலருக்கும் தெரியும். ஒற்றைத் தட்டு, நடுவில் முற்றம், கடலைப் பார்த்துக் கிழக்கே 10 அடி அகல விறாந்தை. 2017 தைப்பொங்கலுக்குக் குடிபுகுந்தோம். கடற்கரையிலிருந்து 300 மீற்றருக்குள் வருவதால், பிரதேச சபைக்குப் பிளான் கொடுக்கும்போது கரையோரப் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதியும் எடுக்கவேண்டி இருந்தது. தம்பி, நிலாவெளியில் உனக்கும் அது வரும், முதலில் அதைப் பார். மற்ற விபரங்களை விட்டுவிட்டுக் கதவுக்கு வருகிறேன்.

மண்டபத்துக்கும் விறாந்தைக்கும் இடையில் 18 அடி அகலத்துக்குச் சுவரே இல்லை. ஆறு மடிப்புள்ள கண்ணாடிக் கதவுதான் இருக்கிறது. எல்லாவற்றையும் மடித்து ஒரு பக்கம் ஒதுக்கினால் மண்டபமும் விறாந்தையும் முற்றமும் ஒன்றாகிவிடும். முற்றத்து ஓரத்தில் இருந்தபடியே கடல் தெரியும். கட்டடக் கலைஞர் இந்த வீட்டை வரையத் தொடங்கியதே அந்த ஒரு பார்வையிலிருந்துதான். படத்தில் பார்ப்பவர்கள் எல்லோரும் மயங்குவதும் அதில்தான். நானும் மயங்கினேன்.

ஒவ்வொரு மடிப்பும் 3 அடி அகலம், 8 அடி உயரம். 8 மில்லிமீற்றர் கண்ணாடி சதுர மீற்றருக்கு 20 கிலோ நிறை. கணக்குப் போட்டால் ஒரு மடிப்பில் கண்ணாடி மட்டும் 45 கிலோவுக்குக் கிட்ட வரும். ஆறுக்கும் 270 கிலோ. சட்டத்தின் நிறை வேறு. இந்த நிறையைத் தாங்க இரண்டு வழி இருக்கிறது. மேலே குறுக்கு உத்தரமான வளையில் தொங்கவிடலாம், அப்போது கீழே இருப்பது கதவு ஆடாமல் பிடிக்கும் வெறும் வழிகாட்டி. அல்லது கீழே தண்டவாளம் போட்டு முழு நிறையையும் சில்லுகளின் மேல் ஏற்றலாம். எங்கள் பிளானில் இருந்தது மேலே தொங்கும் முறை. அதற்காகவே வளையைத் தடிப்பாகப் போட்டிருந்தார்கள். கதவு செய்ய வந்த அலுமினிய வேலைக் கடைக்காரர், "இரண்டும் ஒண்டுதான், கீழே ஓடுறது மலிவு, திருத்துறதும் லேசு" என்றார். கட்டடக் கலைஞர் அந்தக் கிழமை கொழும்பில் நின்றார். வீட்டுக்கடனாக எடுத்த காசு முடியும் தறுவாயில் இருந்தது. நான் தலையாட்டிவிட்டேன்.

கடலோரத்தில் கீழ்த் தண்டவாளம் என்ன ஆகும் என்பதை அந்தக் கடைக்காரர் அறிந்திருக்க வேண்டும். இங்கே தொழில் செய்பவர் அவர். மணல் வந்து விழும், அதன்மேல் உப்புப் பிடிக்கும், உப்பு ஈரத்தை இழுத்து வைத்திருக்கும். சில்லுக்குள் அவர் போட்டிருந்த உருளைகள் சாதாரண இரும்பு. இரண்டாம் வருடமே கறல் பிடித்து இறுகிவிட்டன. அலுமினியச் சட்டத்தில் இறக்கிய ஆணிகளோ துருப்பிடிக்காத உருக்கு. இரண்டு வேறு உலோகங்கள் தொடும் இடத்தில் உப்புநீர் பட்டால் அலுமினியம்தான் அரிபட்டுப் போகும். ஆணியைச் சுற்றி வெள்ளைத் தூள் பூத்து, ஓட்டை பெருத்து, ஆணி தானாகவே கழன்றது. 2019, 2021, 2023, இப்போது 2025 என்று தவணை வைத்தது போல இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை வேலை. முதல் தடவைக்குப் பிறகு அந்தக் கடையிலிருந்து யாரும் வரவில்லை. தொலைபேசியை எடுத்து "நாளைக்கு வாறம்" என்பார்கள், அவ்வளவுதான்.

இதைவிட என் மனதை எரிப்பது அது இறுகும் காலம். வைகாசியிலிருந்து ஆவணி வரை கச்சான் காற்று மேற்கே இருந்து அனல் போல வீசும். கடற்காற்றையே கரைக்கு வரவிடாமல் தள்ளிவிடும் நாட்களும் உண்டு. அந்த மாதங்களில் மழை இல்லை, கதவைத் திறந்தே வைத்திருப்போம், ஒரு தொந்தரவும் இல்லை. கார்த்திகையில் வாடை தொடங்கியதும் மழை கடலிலிருந்து நேரே விறாந்தைக்குள் வரும். 10 அடி விறாந்தையையும் தாண்டித் தூவானம் மண்டபத்துக்குள் அடிக்கும். கதவை உடனே சாத்தவேண்டிய நேரம் அது. அந்த நேரத்தில்தான் ஈர மணல் தண்டவாளத்தில் களி போல இறுகி, மூன்றாம் மடிப்புக்கு மேல் கதவு அசையாது. புரெவிப் புயல் 2020 டிசம்பர் 2 இரவு திருகோணமலைக்கு வடக்கே கரை கடந்தது. அன்று பின்னேரம் நானும் கணவரும் பக்கத்து வீட்டுப் பிள்ளையுமாக மூன்று பேர் தள்ளித்தான் கதவைப் பூட்டினோம். மாமி அறைக்குள் இருந்து தேவாரம் பாடிக்கொண்டிருந்தா. 1964 மார்கழிப் புயலைக் கண்ட மனுசி அவ.

சரி, அந்த இரவைப் பற்றிச் சொல்லத் தொடங்கினால் கூரையைப் பற்றியும் சொல்லவேண்டும், ஏனென்றால் அங்கே கட்டடக் கலைஞருக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். நெளிந்த சீமெந்துத் தகட்டை அடியில் விரித்து, அதன்மேல் அரைவட்ட ஓட்டைப் பதிக்கும் முறையை இலங்கையின் பேர்பெற்ற கட்டடக் கலைஞர் ஜெப்ரி பாவா பல கட்டடங்களில் கையாண்டார். மேலே நாட்டு ஓட்டின் அழகு கிடைக்கும், ஓடு உடைந்தாலும் கீழே தகடு நீரைப் பிடிக்கும். எங்கள் கூரையும் அந்த முறைதான், கல்நார் கலக்காத தகடு வாங்கிப் போட்டோம். புரெவியில் முகட்டோரம் பதினைந்து இருபது ஓடுகள் கிளம்பிப் போயின. உள்ளே ஒரு சொட்டு விழவில்லை. காலையில் மாமி முதலில் நிமிர்ந்து பார்த்தது கூரையைத்தான்.

முற்றத்தை நான் ஆரம்பத்தில் விரும்பவில்லை. மாமி பிறந்தது நாற்சார் வீட்டில். நான்கு பக்கக் கூரையும் உள்ளே சரிந்து, மழைநீர் எல்லாம் முற்றத்தில் கொட்டும் வீடு. அதை நினைத்து இங்கும் ஒன்று வேண்டுமென்றா. இடம் வீணாகும், நுளம்பு வரும் என்று நான் வாதாடினேன். கட்டடக் கலைஞர் இரண்டு பேருக்கும் நடுவே ஒரு வழி பார்த்தார். 12 அடிக்கு 14 அடி முற்றம், இரண்டு பக்கக் கூரை மட்டும் உள்ளே சரியும், மற்ற இரண்டின் நீரும் பீலி வழியே வெளியே போகும். பத்திக் கலைஞர் எனா டி சில்வாவுக்காகப் பாவா 1960களின் தொடக்கத்தில் கொழும்பில் கட்டிய வீட்டின் படங்களைக் கொண்டுவந்து காட்டினார். தெருவுக்கு மூடிய சுவர், உள்ளே முற்றத்தைப் பார்த்துத் திறந்த அறைகள். நகர நெருக்கத்துக்குள் நம்முடைய பழைய முற்றத்தைத் திரும்பக் கொண்டுவந்த வீடு அது. நான் அரைமனதோடுதான் ஒத்துக்கொண்டேன்.

2022 பங்குனியில்தான் முற்றத்தின் அருமை எனக்கு விளங்கியது. மார்ச் மாதக் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு. ஊரெல்லாம் புழுங்கிக்கொண்டு வாசலில் இருந்தார்கள். எங்கள் வீட்டில் சூடான காற்று முற்றத்தால் மேலே போக, அறைகளுக்குள் காற்று தானாக நடந்தது. மகள் உயர்தரத்துக்குப் படித்தது முற்றத்து ஓரத்தில், பின்னேரம் ஆறு மணி வரைக்கும் பகல் வெளிச்சத்தில். இரவில் அங்கேயே பாய் விரித்தோம். மாமி கீரை ஆய்வதும், வருகிறவர்களோடு கதைப்பதும், மழை பார்ப்பதும் அந்த ஓரத்தில்தான். எட்டு வருடத்தில் அந்த வீட்டுக்குள் நாங்கள் அதிக நேரம் இருந்த இடம் எது என்று கேட்டால், கடல் தெரியும் விறாந்தை என்று எல்லோரும் நினைப்பார்கள். அது முற்றத்து ஓரத்து மூன்றடி நடைபாதை.

வெளி வளவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். புல்தரை போட்டோம், இரண்டு வருடம் நல்ல தண்ணீர் ஊற்றினோம், உப்புக் காற்றில் கருகியது. பிறகு புல்லைக் கிளறி எடுத்துவிட்டு மணலாகவே விட்டோம். மதிலோரம் பூவரசும் ஒரு புன்னையும் வைத்தோம். கடற்பக்கம் அடம்பன் கொடி தானாகப் படர்ந்து மணலைப் பிடித்துக்கொண்டது. இப்போது பூவரசின் கீழே இரண்டு சீமெந்து இருக்கை, அவ்வளவுதான். இரும்புக் கதிரைகள் ஒரு வாடைக்குள் கறல் கட்டிவிடும், வாங்கவேண்டாம்.

விறாந்தையின் தாழ்வாரத்தை ஏழடிக்குப் பதித்து இறக்கியபோது, கடலை மறைக்கும் என்று கணவர் சண்டை போட்டார். திருகோணமலை 8½ பாகை வடக்கே இருக்கிறது. ஆனியில் சூரியன் வடக்கே சாய்ந்து போகும், மார்கழியில் தெற்கே. ஆனால் எந்த மாதமும் காலை வெயில் கிழக்கிலிருந்துதான் முகத்துக்கு நேரே வரும். அந்தத் தாழ்ந்த கூரையால் காலை ஒன்பது மணிக்குப் பிறகு வெயில் கண்ணாடியைத் தொடுவதில்லை. நல்ல யோசனை. அதே விறாந்தையில் அந்தக் கதவையும் வைத்தார்களே என்று நினைக்கும்போதுதான் எனக்கு ஆத்திரம் வருகிறது.

தம்பிக்குச் சொல்லவேண்டிய முக்கியமான விஷயம் 2023இல் நடந்தது. மகளின் படிப்புக்காக நாங்கள் ஐந்து மாதம் கொழும்பில் இருந்தோம். மாமியையும் கூட்டிக்கொண்டு போனோம். வீட்டைப் பூட்டி, வளவைக் கூட்டச் சொல்லி ஒருவரிடம் திறப்புக் கொடுத்திருந்தோம். தை முடிவில் திரும்பி வந்து பார்த்தால், முற்றத்து வாய்க்காலில் வேப்பஞ்சருகு அடைத்து நீர் நிறைந்து, இரண்டு அறைகளுக்குள் ஏறி வற்றியிருந்தது. மரக்கதவுகளின் அடி ஊதிப்போயிருந்தது. பிணைச்சல் எல்லாம் கறல். கண்ணாடிக் கதவு ஆறு மடிப்பும் ஒரே பலகை போல இறுகி நின்றது, ஒரு பக்கத்துச் சட்டத்தை வெட்டித்தான் திறந்தோம். மூடிய வீடுகளைப் பூட்டிவிட்டுப் போனால் தூசிதான் படியும். இப்படித் திறந்த வீட்டில் காற்றும் மழையும் வருவதற்கென்றே வழி விட்டிருக்கிறது. அவற்றைத் தினமும் பார்த்துச் சாத்தவும் திறக்கவும், வாய்க்காலில் கைவிடவும், தண்டவாளத்தை நல்ல தண்ணீரால் கழுவவும் வீட்டில் ஆள் வேண்டும். கோணேசர் கோவில் இருக்கும் சுவாமி மலைப் பக்கம் கறுத்தால் எந்த யன்னலை முதலில் சாத்தவேண்டும் என்று மாமிக்குத் தெரியும். திறப்பு வைத்திருப்பவருக்கு அது தெரியாது.

ஆகவே தம்பி, நீ வருடத்தில் ஆடி ஆவணி இரண்டு மாதம் வந்து நிற்கப்போகிறவன். உனக்கு இந்த வீடு வேண்டாம். கதவு மட்டும் இல்லை, முற்றமும் வேண்டாம். அகலமான விறாந்தை வை, தாழ்வாரத்தை இறக்கு, மேற்குப் பக்கம் களஞ்சிய அறையும் மலசலகூடமும் வைத்துக் கச்சானை மறி. கடற்பக்கம் இரட்டைப் பலகைக் கதவு மூன்று போடு, மரவேலை ஓடாவியாரே செய்வார், வெளியிலிருந்து பூட்டலாம். வெளியே எந்த உலோகம் வைத்தாலும் 316 இலக்க உருக்கு என்று கேட்டு வாங்கு. அதில் மொலிப்டினம் கலந்திருப்பதால் கடலுப்பைக் கூடத் தாங்கும். அதையும் கழுவத்தான் வேண்டும். பிளானில் உள்ளதை மாற்றச் சொல்லி வேலைக்காரர் யார் கேட்டாலும், வரைந்தவர் வந்து பார்க்கும்வரை வேலையை நிறுத்து.

எங்களுக்கு என்ன செய்வது என்று வீட்டில் இன்னும் முடிவாகவில்லை. வளை தாங்கும், மேலே தொங்கும் கதவாக மாற்றலாம் என்கிறார் கணவர். அந்தப் பக்கம் பாதிக்குச் சுவர் வைத்து மூடிவிடலாம் என்று நான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். சொல்லும்போது உண்மையாகத்தான் சொல்கிறேன். ஆனால் புதுச் சில்லு போட்டு ஒரு கிழமைதான் ஆகிறது, ஒற்றைக் கையால் தள்ள ஓடுகிறது. இன்று காலை ஐந்தரைக்கே ஆறு மடிப்பையும் திறந்துவிட்டேன். கடல் சத்தம் முற்றம் வரைக்கும் வந்தது. மாமி எழும்பி வந்து நடைபாதையில் கால் நீட்டி இருந்தா. கிழக்கு வெளுக்கும் வரை நாங்கள் இரண்டு பேரும் விளக்குப் போடவில்லை.

தம்பி, உனக்கு வேண்டாம் என்றதை நான் மாற்றவில்லை.