திருப்பூர்ப் பிள்ளைகளின் இரு மொழிகள்: மூன்று வழிகள், ஓர் அலசல்

பனியன் கம்பெனி வேலையை நம்பி ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் மாநிலங்களிலிருந்து வந்து, திருப்பூரின் லைன் வீடுகளில் குடும்பத்தோடு தங்கிவிட்டவர்களின் பிள்ளைகள் பலர் அரசுப் பள்ளிகளில் தமிழ்வழியில் படிக்கிறார்கள். வீட்டிலும் தமிழுக்கே மாறிவிடுவது, தாய் ஒரு மொழியும் தந்தை வேறொரு மொழியும் பேசுவது, வீட்டுக்குள் தாய்மொழியை மட்டும் புழங்குவது என்று மூன்று வழிகள் இவர்கள் முன் இருக்கின்றன.

முதல் வழியைப் பிள்ளையின் படிப்பில் அக்கறை கொண்டவர்களே பெரும்பாலும் பரிந்துரைக்கிறார்கள். ஆனால் தட்டுத்தடுமாறித் தமிழ் பேசும் தாயால் அந்த மொழியில் ‘சாப்பிடு’, ‘தூங்கு’ என்று சொல்ல முடியுமே ஒழிய, கதை சொல்லவோ, பிள்ளை கேட்கும் கேள்விகளுக்கு விளக்கம் தரவோ முடியாது. தமிழைத் தருவதற்குத் தெருவும் பள்ளியும் இருக்கின்றன. 2006ஆம் ஆண்டுச் சட்டம் பத்தாம் வகுப்புவரை தமிழைக் கட்டாயப் பாடமாக்கியுமிருக்கிறது. ஒடியாவையோ, பீகாரில் பேசப்படும் போஜ்புரியையோ தருவதற்கு வீட்டைத் தவிர வேறு இடமில்லை.

இரு மொழிகள் பிள்ளையைக் குழப்பும் என்ற பழைய அச்சத்தை, கனடாவின் மான்ட்ரியலில் உளவியலாளர்கள் பீல், லாம்பர்ட் இருவரும் 1962இல் வெளியிட்ட ஆய்வு பெரிதும் தகர்த்தது. இருமொழியாளரின் கவனத்திறன் கூடும் என்று பின்னர் எழுந்த கூற்று இன்னும் விவாதத்தில்தான் இருக்கிறது என்பதால், அதை நம்பி முடிவெடுக்கத் தேவையில்லை. ஊரிலுள்ள பாட்டியுடன் தொலைபேசியில் தடையின்றிப் பேச முடிவதும், நாளை தையல் பிரிவில் இரு தரப்புத் தொழிலாளரையும் ஒருவரே நடத்த முடிவதும் போதுமான பயன்கள்.

இரண்டாம் வழிக்குப் பெயர்பெற்ற சான்று, பிரெஞ்சு மொழியியலாளர் ரோன்ஜா தம் மகனை வளர்த்த விதம். தந்தை பிரெஞ்சும் தாய் ஜெர்மனும் பேசி வளர்த்த அனுபவத்தை அவர் 1913இல் நூலாக்கினார். அது படித்தவர் வீடு. இரண்டுமே செல்வாக்குள்ள மொழிகள். இங்கோ தந்தை இரவு ஷிப்ட் முடித்து வந்து உறங்கும்போது பிள்ளை பள்ளிக்குக் கிளம்பிவிடுகிறது. அவர் பொறுப்பில் விட்ட மொழி மெலியத்தான் செய்யும்.

பெல்ஜியத்தின் டச்சு மொழிப் பகுதியில் ஏறத்தாழ 1,900 குடும்பங்களை ஆராய்ந்து மொழியியலாளர் டி ஹவுவர் 2007இல் வெளியிட்ட முடிவு இந்த ஒப்பீட்டுக்கு நேரடியாக உதவுகிறது. பெற்றோர் இருவரும் சிறுபான்மை மொழியை, அதாவது டச்சு அல்லாத தம் மொழியை, மட்டுமே பேசிய வீடுகளில் 96 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவற்றில் பிள்ளைகள் அதைப் பேசினார்கள். ஆளுக்கொரு மொழி பேசிய வீடுகளில் இந்த அளவு முக்கால் பங்கை ஒட்டி நின்றது. அந்நாட்டு எண்கள் திருப்பூருக்கு அப்படியே பொருந்தா எனினும், கொங்கு நாட்டில் தலைமுறைகளாகத் தெலுங்கும் கன்னடமும் பேசிவரும் குடும்பங்கள் அதே திசையைத்தான் காட்டுகின்றன. எந்தத் திட்டமும் இல்லாமல், அடுக்களையிலும் தறிக்குழியிலும் புழங்கியே அவர்கள் மொழியைக் காத்தார்கள், தமிழிலும் குறைவைக்கவில்லை.

ஆகவே பெற்றோர் இருவருக்கும் ஒரே தாய்மொழி எனில் மூன்றாம் வழியே மேல் என்பது என் கருத்து. அதிலும் ஓர் ஓட்டை உண்டு: அந்தத் தெலுங்கு, கன்னட வீடுகளில் பலருக்குத் தம் மொழியை எழுதப் படிக்கத் தெரியாது. விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது வாங்கிவரும் ஒடியாப் படக்கதைப் புத்தகங்கள் இதை ஓரளவு ஈடுசெய்யும். போஜ்புரிக்கு மதிப்பில்லை என்று கருதித் தமக்கே இயல்பாக வராத இந்தியில் பிள்ளையிடம் பேசுவது, முதல் வழியின் குறையை வேறு உருவில் கொண்டுவருவதாகும்.

ஒடியாப் பெண்ணும் திருப்பூர்ப் பையனும் மணந்துகொண்ட வீடுகளுக்கு இரண்டாம் வழியே இயல்பானது. தாய் பிள்ளையிடம் ஒடியாவும் தமிழும் கலந்து பேசுவதே இங்கு ஆபத்து. ஒருவர் பெரும்பான்மை மொழியை மட்டும் பேச, மற்றவர் இரண்டையும் பேசிய பெல்ஜிய வீடுகளில் மூன்றில் ஒரு பங்கைச் சற்றே தாண்டியவற்றில்தான் பிள்ளைகள் சிறுபான்மை மொழியைப் பேசினார்கள். மாமியார் வீட்டில் கூட்டமாக இருக்கும்போதும் அத்தாய் பிள்ளையிடம் மட்டும் ஒடியாவிலேயே பேசுவதற்குக் கணவன் துணை நிற்க வேண்டும்.