பழைய வீடியோ டேப்பை டிஜிட்டலாக்கும் சேவை: ஒரு நொடிகூட வெட்டாமல் தரச் சொல்லுங்கள்

என் எட்டாவது பிறந்தநாளின் வீடியோ டேப்பை டிஜிட்டலாக மாற்றித் தரும் இடம் ஒன்றில் கொடுத்திருந்தேன். வேலை முடிந்து பென்டிரைவ் கைக்கு வந்துவிட்டது. மொத்தத்தில் நல்ல சேவை, தாராளமாகக் கொடுக்கலாம். ஆனால் அவர்கள் முதலில் தந்த ஃபைலுக்கும் பிறகு தந்த ஃபைலுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். அதைச் சொல்லத்தான் இந்த விமர்சனம்.

டேப் விஎச்எஸ்-சி வகை. உள்ளங்கை அளவு கேசட், அடாப்டரில் போட்டால், அந்தக் கால வீடியோ கேசட்டை ஓட்டும் சாதாரண விஎச்எஸ் டெக்கிலேயே ஓடும். ஓட்டுவதற்கு டெக் கிடைப்பதுதான் இன்றைக்குப் பெரிய பாடு. விசிஆர் எனப்படும் அந்த டெக்கைக் கடைசிவரை தயாரித்துக்கொண்டிருந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனமே 2016 ஜூலையோடு நிறுத்திவிட்டது. டேப்பும் அப்படியே இருக்கப்போவதில்லை. காந்தத் துகள்களை நாடாவோடு பிடித்து வைத்திருக்கும் பசை ஈரத்தை உறிஞ்சி வருடக்கணக்கில் கெட்டுக்கொண்டே வரும். பூஞ்சை பிடித்த டேப்பை அப்படியே ஓட்டினால் டேப்பும் போச்சு, டேப்பைப் படிக்கும் டெக்கின் ஹெட்டும் போச்சு. இங்கே டேப்பை வாங்கியதும் மூடியைத் திறந்து, டார்ச் அடித்து, சுருளின் ஓரத்தில் வெள்ளைப் படலம் இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் டெக்கைத் தொட்டார்கள். அந்த நிதானம் எனக்குப் பிடித்திருந்தது.

சரி, முதல் ஃபைல். பலூன், வரிசையாக உட்கார்ந்த குழந்தைகள், புதுச் சட்டையில் நான், அவ்வளவுதான். அரை மணி நேர டேப்பில் சில நிமிடங்கள்கூடத் தேறவில்லை. கேட்டதற்கு, “மீதியெல்லாம் வெறும் தரைதாங்க. கேமரா ஆன்ல இருக்கறது தெரியாம விட்டுட்டாங்க போல. வேஸ்ட்னு கட் பண்ணிட்டோம்” என்றார்கள்.

அந்தத் தரைதான் எனக்கு வேண்டியது!

அன்றைக்கு அப்பா ஆபீஸ் நண்பரிடம் கேமராவைக் கடன் வாங்கி வந்திருந்தார். ஒரே சிவப்புப் பொத்தான். ஒரு தடவை அழுத்தினால் ஓடும், மறுபடி அழுத்தினால் நிற்கும். ஓடுகிறதா இல்லையா என்பதைக் காட்டுவது வியூஃபைண்டருக்குள் தெரியும் பொடி எழுத்து மட்டும்தான். அப்பா கண்ணாடியைக் கழற்றிவிட்டுத்தான் வியூஃபைண்டரில் கண்ணை வைப்பார், ஆகவே அந்த எழுத்து அவருக்குத் தெரிய வாய்ப்பே இல்லை. எங்கேயோ ஒரு தடவை கூடவோ குறையவோ அழுத்தியிருக்கிறார். அதற்கப்புறம் எல்லாம் தலைகீழ். அவர் படமெடுக்கும்போதெல்லாம் கேமரா தூங்கியது, தோளில் தொங்கும்போதெல்லாம் விழித்திருந்தது.

அதனால் டேப்பில் நாங்கள் வருடக்கணக்காக விழுந்து விழுந்து சிரித்த காட்சி இது. படத்தில் தரை ஆடுகிறது, அப்பாவின் செருப்பு வந்து வந்து போகிறது. அம்மா குரலைத் தணித்து, “என்னங்க, சைக்கிளை எங்க வச்சீங்க?” என்கிறார். “மாடிப்படிக்குக் கீழதான், போர்வை போட்டு மூடியிருக்கேன்.” ஒரு நொடி சத்தமே இல்லை. பிறகு அம்மா, “அவ அங்கதாங்க கண்ணாமூச்சி ஆடிக்கிட்டு இருக்கா!” அவ்வளவுதான், செருப்பு இரண்டும் பறக்கின்றன. தரை, சுவர், கூரை, மறுபடி தரை. சைக்கிள் மணி ஒரு முறை ‘டிரிங்’ என்று அடிக்கிறது. “அப்பா, இந்தப் போர்வைக்குள்ள யாரு?” என்று என் குரல். அப்பா மூச்சிரைக்க, “யாருமில்லம்மா, பழைய சாமான்” என்கிறார். “பழைய சாமானுக்கு எதுக்குப்பா ரிப்பன்?”

மெழுகுவத்தியை ஊதும் காட்சி டேப்பில் இல்லவே இல்லை. “எல்லாரும் இங்க பாருங்க, எடுக்கப்போறேன், ஒண்ணு, ரெண்டு, மூணு” என்று அப்பா சொல்வது வரைக்கும் இருக்கிறது. அதோடு படம் நிற்கிறது. அடுத்து வருவது மேஜைக்காலும், “அருமையா வந்திருக்கு” என்று அம்மாவிடம் அவர் சொல்லும் திருப்தியும்.

சேவைக்கு வருகிறேன். விஷயத்தைச் சொன்னதும் முகம் சுளிக்காமல், கூடுதலாக எதுவும் கேட்காமல், முழு டேப்பையும் மறுபடி ஓட்டித் தந்தார்கள். இதற்குப் பாராட்டு. முதல் ஃபைலில் இன்னொரு குறையும் இருந்தது: குழந்தைகளின் வாயசைவுக்கும் சத்தத்துக்கும் பொருத்தமில்லை. அப்பா பொத்தானை அழுத்திய ஒவ்வொரு இடத்திலும் டேப்பின் ஒத்திசைவு சிக்னல் அறுந்து அறுந்து போகிறது. அங்கே கணினி சில ஃபிரேம்களை விட்டுவிட, ஒலி மட்டும் தன் பாட்டுக்கு ஓடிவிடுகிறது. இரண்டாம் முறை டெக்குக்கும் கணினிக்கும் நடுவில், அந்த சிக்னலைச் சீராக்கும் டைம் பேஸ் கரெக்டர் என்ற கருவியை வைத்துப் பதிவுசெய்தார்கள். இப்போது மணிச் சத்தமும் கூரை சுழல்வதும் கச்சிதமாக ஒரே நேரத்தில் வருகின்றன. ஏகப்பட்ட இடத்தில் நிறுத்தி நிறுத்தி எடுத்த டேப் என்றால், இந்தக் கருவி இருக்கிறதா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

‘4கே தரத்துக்கு உயர்த்தித் தருகிறோம்’ என்றும் ஒரு திட்டம் வைத்திருக்கிறார்கள். மாதிரிக்கு ஒரு துண்டு காட்டினார்கள். வேண்டவே வேண்டாம். விஎச்எஸ் படத்தில் குறுக்குவாட்டில் சுமார் 240 கோடு அளவுக்குத்தான் நுணுக்கம் உண்டு. இல்லாத நுணுக்கத்தை மென்பொருள் இட்டுக்கட்டும்போது அம்மாவின் முகம் மெழுகுப் பொம்மை போல ஆகிவிட்டது. கண்ணோரச் சுருக்கத்தையெல்லாம் துடைத்துவிட்டால் அது என் அம்மாவே இல்லை. படத்தை 4:3 அளவிலேயே கேளுங்கள், அகலத் திரைக்கு இழுத்தால் ஆட்கள் குண்டாகத் தெரிவார்கள். எம்பி4 ஃபைலோடு சுருக்காத மூல ஃபைலையும், அசல் டேப்பையும் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். நான் வாங்கியிருக்கிறேன்.

முக்கியமானது, டேப் கொடுக்கும் ரசீதிலேயே ‘எதையும் வெட்டக் கூடாது’ என்று எழுதி வாங்குங்கள். நமக்கு எது வேஸ்ட் என்று அவர்களால் எப்படிச் சொல்ல முடியும்? தரையைப் படமெடுத்த டேப்பில்தான் அப்பாவும் அம்மாவும் யாரும் பார்க்காத நேரத்தில் எனக்காக ரகசியம் பேசிய குரல் இருக்கிறது. கேமராவைப் பார்த்து நிற்கும் காட்சிகளில் அது கிடையாது.

முழு ஃபைலை வீட்டில் போட்டுக் காட்டினேன். அம்மா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கேமராவில்தான் கோளாறு என்பது அப்பாவின் கட்சி, இன்றைக்கும் அதுதான். தங்கையின் பிறந்தநாள் டேப் ஒன்றும் பெட்டியில் கிடக்கிறது. அதையும் இதே இடத்தில்தான் கொடுக்கப்போகிறேன்.