கடைக்குள் சர்வரா, கிளவுடில் வாடகை மெஷினா? சுங்கை சிப்புட் வியாபாரிகளுக்கு ஓர் ஒப்பீடு

மலேசியாவின் பேராக்கில் உள்ள சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற ஊரில் தொழில் நடத்துபவர்களுக்கு முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கிளவுட் என்பது வேறொரு நிறுவனத்தின் டேட்டா சென்டரில் (சர்வர்கள் வைக்கும் கட்டடத்தில்) இருக்கும் கம்ப்யூட்டரை இணையம் வழியாக வாடகைக்கு எடுப்பது. அதற்குப் போகலாமா என்பதை மாத வாடகையை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அந்த மெஷினை யார் பார்த்துக்கொள்ளப் போகிறார் என்று கேளுங்கள். அதற்குப் பதில் இல்லையென்றால் எந்த விலையும் மலிவு இல்லை.

ஐஏஏஎஸ் எனப்படும் உள்கட்டமைப்புச் சேவை, வெறும் கடைவீட்டை வாடகைக்கு எடுப்பது மாதிரி. சுவரும் கூரையும் வீட்டுக்காரர் பொறுப்பு. பூட்டும் அலமாரியும் சரக்கும் நம் பொறுப்பு. கட்டடம், மின்சாரம், சர்வர், டிஸ்க் எல்லாம் அவர்கள் தருவார்கள். விண்டோஸ் அப்டேட், பாஸ்வேர்ட், ஃபயர்வால் (வெளியார் நுழையாமல் தடுக்கும் அரண்), பேக்கப் (தரவின் மறுநகல்) நம் தலையில். இதைப் புரியாமல் கையெழுத்துப் போடுபவர்கள் அதிகம்.

அமேசான் 2006இல் இப்படி மணிக்கணக்கில் மெஷின் வாடகைக்கு விடத் தொடங்கியது. நம் நாட்டுக்கு அது நெருங்கி வந்தது அண்மையில்தான். 2024 ஆகஸ்டில் அமேசானின் ஏடபிள்யூஎஸ், மலேசியாவிலேயே மூன்று தனித்தனி டேட்டா சென்டர் மண்டலங்களோடு திறந்தது. 2025 மே மாதம் மைக்ரோசாஃப்டின் கிளவுடான அஷூர் கோலாலம்பூர் வட்டாரத்தில் தொடங்கியது. கூகள் 2024இல் சிலாங்கூரின் எல்மினாவில் டேட்டா சென்டர் கட்டத் தொடங்கியது. எல்மினா என்றால் நம்மில் பலருக்கு இன்னும் தோட்டம்தான் நினைவுக்கு வரும்.

சரி, இனி ஒப்பிடுவோம். செம்பனைக் குலை ஏற்றும் ஒரு லோரிக் கம்பெனியை எடுத்துக்கொள்ளுங்கள். அலுவலகத்தில் ஐந்து பேர், விண்டோஸில் ஓடும் கணக்கு மென்பொருள், குலை வாங்கும் இடத்தில் ஓர் எடை மேடை.

கடைக்குள் சர்வர் வைப்பதை இன்று பழைய பாணி என்று பலர் ஒதுக்குகிறார்கள். நான் அப்படி ஒதுக்கமாட்டேன். இணையம் போனாலும் எடை மேடை நிற்கக்கூடாது. வெட்டிய குலையை 24 மணி நேரத்துக்குள் ஆலையில் சேர்க்கப் பார்ப்பார்கள். தாமதித்தால் எண்ணெயில் அமிலம் ஏறும். வரிசையில் நிற்கும் லோரிக்காரரிடம் 'லைன் வரட்டும் அண்ணே' என்று சொல்ல முடியாது. அதனால் எடை மேடைக் கம்ப்யூட்டர் அங்கேயே, தன் டிஸ்க்கிலேயே எழுத வேண்டும். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் இடி மின்னல் இருக்கிறது. பேராக்கில் மாலை மழையோடு வரும் மின்னல், யுபிஎஸ் (மின்சாரம் போனால் தாங்கும் பேட்டரிப் பெட்டி) இருந்தாலும் நெட்வொர்க் கேபிள் வழியாக வந்து பெட்டியைச் சுட்டுவிடும். பேக்கப் எடுத்த டிஸ்க்கும் அதே மேசையில் இருந்தால் இரண்டும் ஒன்றாகப் போகும். மலேசிய வருமான வரிச் சட்டப்படி கணக்குகளை ஏழு ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்பதையும் இங்கே நினைத்துப் பாருங்கள்.

கிளவுடில் இந்தப் பயம் குறைவு. ஆனால் பில்லைப் படிக்கத் தெரிய வேண்டும், மக்கள் அடிபடுவது அங்கேதான். 'ராத்திரியில் மெஷினை அணைத்துவிட்டால் காசு மிச்சம்தானே' என்பார்கள். வாரத்தின் 168 மணி நேரத்தில் உங்கள் அலுவலகம் 60 மணி நேரம்தான் திறந்திருக்கிறது என்றால், யோசனை நல்லதுதான். ஆனால் அணைப்பது என்பது ஆளுக்கு ஆள் மாறும். ஏடபிள்யூஎஸ்ஸில் மெஷினை நிறுத்தினால் மெஷின் வாடகை நிற்கும், டிஸ்க் வாடகை ஓடிக்கொண்டே இருக்கும். அஷூரில் விண்டோஸுக்குள் ஷட் டவுன் அழுத்தினால் போதாது; அஷூரின் இணையப் பக்கமான போர்ட்டலில் போய் மெஷினை விடுவிக்க வேண்டும், அதுவரை மீட்டர் ஓடும். மாத வாடகைக்கு உச்சவரம்பு வைத்திருக்கும் டிஜிட்டல் ஓஷன் என்ற கிளவுட் நிறுவனத்தில் அணைத்து வைத்தாலும் வாடகை உண்டு. மெஷினை அழித்தால்தான் நிற்கும்.

சின்னச் சின்னக் கட்டணங்களும் சேரும். ஏடபிள்யூஎஸ் 2024 பிப்ரவரியிலிருந்து ஒவ்வொரு பொது ஐபிவி4 முகவரிக்கும் (இணையத்தில் மெஷினைக் கண்டுபிடிக்க உதவும் எண்) மணிக்கு 0.005 டாலர் வாங்குகிறது; மாதத்துக்கு ஏறக்குறைய 3.60 டாலர். தரவை உள்ளே அனுப்புவது இலவசம். வெளியே எடுக்கும்போது மாதத்தில் முதல் 100 ஜிபிக்குப் பிறகு காசு. விலை டாலரில் இருப்பதால் ரிங்கிட் இறங்கினால் பில் ஏறும். 2024 மார்ச்சிலிருந்து சேவை வரியும் 8 விழுக்காடு.

அப்படியென்றால் பெரிய நிறுவனமா, நிலையான மாத விலை வைத்திருப்பவர்களா? ஐந்து பேர் கணக்கு எழுதும் இடத்துக்கு நிலையான விலையே நிம்மதி. உங்கள் மென்பொருள் விண்டோஸ் கேட்டால் கதை மாறும். டிஜிட்டல் ஓஷனின் மெஷின்கள் லினக்ஸுக்கானவை. விண்டோஸுக்கு ஏடபிள்யூஎஸ்ஸோ அஷூரோ போக வேண்டியிருக்கும், அங்கே மணிவாடகையில் விண்டோஸ் உரிமக் கட்டணமும் சேரும். ஓராண்டு அல்லது மூன்றாண்டு ஒப்பந்தத்தில் நல்ல தள்ளுபடி உண்டு. சில மாத பில்லைப் பார்த்துவிட்டு அதில் இறங்குங்கள்.

பாதுகாப்பில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். தூரத்திலிருந்து மெஷினை இயக்க உதவும் ரிமோட் டெஸ்க்டாப்பின் நுழைவாயிலான 3389 போர்ட்டை ஊருக்கே திறந்துவிட்டு கிளவுடில் கணக்கு வைப்பதைவிட, கடைக்குள் தூசி படிந்த பெட்டியே மேல். விபிஎன் என்ற பூட்டிய தனிப்பாதை வழியாகத்தான் உள்ளே போக வேண்டும். 2025 ஜூன் 1 முதல் வாடிக்கையாளர் தகவல் கசிந்து பெரிய பாதிப்பு வரக்கூடிய நிலை என்றால் 72 மணி நேரத்துக்குள் தனிநபர் தரவுப் பாதுகாப்பு ஆணையருக்குத் தெரிவிக்க வேண்டும். அந்தக் கடமை உங்களுடையது, சர்வர் வாடகைக்குக் கொடுத்தவருடையது இல்லை.

மளிகைக்கடை, டியூஷன் சென்டர், சின்ன கிளினிக் நடத்துபவர்களுக்கு இதெல்லாம் தேவையே இல்லை. பிரவுசரில் ஓடும் சந்தா மென்பொருள் போதும். இ-இன்வாய்ஸுக்காக (மின்னணு விலைப்பட்டியலுக்காக) சர்வர் வேண்டும் என்று யாராவது விற்க வந்தால் நம்பாதீர்கள். வருமான வரி வாரியத்தின் மைஇன்வாய்ஸ் போர்ட்டல் இலவசம்.

லோரிக் கம்பெனிக்கு என் தேர்வு இரண்டும் கலந்தது. எடை மேடையும் அன்றாடக் கணக்கும் கடைக்குள். ஒவ்வோர் இரவும், சாவி இல்லாதவர் படிக்க முடியாதபடி பூட்டிய (என்கிரிப்ட் செய்த) பேக்கப் மட்டும் கிளவுடுக்கு. மாதம் ஒருமுறை அதிலிருந்து ஒரு ஃபைலைத் திறந்து பாருங்கள். ஈப்போவிலோ தைப்பிங்கிலோ கிளை திறந்து, இரண்டு ஊரிலிருந்தும் ஒரே கணக்கில் எழுத வேண்டிய நாள் வரும்போது வாடகை மெஷினுக்கு மாறலாம்.

மாறும்போது, செய்து தரும் பையன் எவ்வளவு தெரிந்தவராக இருந்தாலும், கிளவுட் கணக்கைக் கம்பெனியின் பெயரில், கம்பெனியின் இமெயிலில் திறக்கச் சொல்லுங்கள். முதன்மைப் பாஸ்வேர்ட் முதலாளியிடம் இருக்கட்டும். பில் எச்சரிக்கையை முதல் நாளே போட்டுவிடுங்கள்.