கேபிளா, வைஃபையா? பள்ளி லேபுக்கு எது சரி

கிருஷ்ணகிரிப் பக்கம் கருங்கல் சுவர் வைத்த பழைய கட்டடங்களுக்குப் பஞ்சமில்லை. அப்படி ஒரு பள்ளியில் வராண்டாவில் ரவுட்டரை மாட்டிவிட்டு, சுவருக்கு அந்தப் பக்கம் லேபில் வைஃபை எதிர்பார்ப்பது வீண். வைஃபையின் 5 கிகாஹெர்ட்ஸ் அலை சுவரிலேயே சோர்ந்துவிடும். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை கொஞ்சம் ஊடுருவும். ஆனால் வேகம் குறைவு, பக்கத்து ரவுட்டர்களின் தொல்லையும் அதில்தான் அதிகம்.

வைஃபை என்றாலே இன்டர்நெட் என்று பசங்க நினைக்கிறார்கள். வெளி லைன் அறுந்து நெட் போனாலும் லேபுக்குள் ஃபைல் கைமாறும், பிரிண்டர் ஓடும். அந்த உள் வலைக்குத்தான் லேன் என்று பேர். அதைக் கேபிளில் கட்டுவதா, காற்றில் விடுவதா என்பதுதான் இங்கே கேள்வி.

வைஃபையில் ஒரே சேனலில் (அலைவரிசைத் துண்டில்) இருக்கும் மெஷின்கள் முறை வைத்துத்தான் பேச முடியும், கிராம சபையில் ஒரே மைக் கைமாறுவதுபோல. கேபிளில் நடுவே ஸ்விட்ச், அதாவது எல்லா மெஷின் கேபிளும் வந்து சேரும் பெட்டி, உட்கார்ந்திருக்கும். எந்த மெஷின் எந்த போர்ட்டில் (கேபிள் செருகும் துளையில்) என்று தெரிந்துகொண்டு அங்கே மட்டும் அனுப்பும். (அதே வேலைக்கு இருந்த பழைய ஹப் பெட்டி எல்லாருக்கும் அனுப்பித் தொலைக்கும். யாராவது சும்மா கொடுத்தாலும் வேண்டாம்.)

கணக்குப் போட்டுப் பார்ப்போம். சர்வரிலிருந்து 20 மெஷினுக்கு 500 எம்பி பாடம் போக வேண்டும். மொத்தம் 10,000 எம்பி. ஒரு எம்பிக்கு 8 மெகாபிட், அதாவது 80,000 மெகாபிட். 1000 எம்பிபிஎஸ் (விநாடிக்கு 1000 மெகாபிட்) கேபிளில் குறைந்தது 80 விநாடி. வைஃபையில் நிஜமாக 200 கிடைக்கிறது என்று வைத்தால் 400 விநாடி. ஆனால் ஸ்விட்ச் பழைய 100 எம்பிபிஎஸ் ரகமாக இருந்தால் 800! அப்போது வைஃபையே ஜெயிக்கும்.

ஸ்விட்ச் புதுசாக இருந்தும் 100-லேயே நிற்கிறதா? கேபிள் நுனியில் இருக்கும் பிளாஸ்டிக் பிளக்கை, அதாவது ஆர்ஜே45 முனையைப் பாருங்கள். உள்ளே 8 கம்பி, 4 ஜோடி. வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பிரவுன், பிரவுன் என்ற வரிசையில் முனைக்குள் அழுத்திக் கிரிம்ப் செய்வார்கள். 100-க்கு 4 கம்பி போதும். 1000-க்கு எட்டும் வேண்டும். பிரவுன் ஜோடியில் ஒன்று சரியாகக் கடிக்காவிட்டால், லைன் வேலை செய்வதுபோலவே இருக்கும், வேகம் மட்டும் பத்தில் ஒரு பங்காகிவிடும். 150 ரூபாயோ 200 ரூபாயோ கொடுத்து ஒரு கேபிள் டெஸ்டர் வாங்கி வைத்தால் அலைச்சல் மிச்சம்.

டேப்லெட், ஆசிரியர் லேப்டாப், வகுப்புக்கு வகுப்பு நகரும் எதற்கும் வைஃபைதான்; அங்கே கேபிள் போட்டியிலேயே இல்லை. இடத்தைவிட்டு நகராத லேப் மெஷினுக்கு என் ஓட்டு கேபிளுக்கு. ஸ்விட்சிலிருந்து மெஷின்வரை 100 மீட்டருக்குள் இருக்க வேண்டும், அவ்வளவே.

அடுத்த கட்டடத்துக்குப் போவதென்றால் செம்புக் கேபிளை வெளியே இழுக்காதீர்கள். கோடை மழை இடியில் மின்னழுத்தம் அதன் வழியே பாய்ந்து இரண்டு பக்க ஸ்விட்சையும் பொசுக்கலாம். அந்த ஒரு தூரத்துக்கு உலோகம் கலக்காத ஃபைபர் போடுங்கள். கண்ணாடி இழையில் மின்சாரம் பாயாது.