சொறியும் துறுதுறுப்பும் ஒரே நாயில்: கடையில் எதை வாங்கலாம், எதை விடலாம்

கம்பம், கூடலூர், குமுளி வட்டாரத்தில் தெருவிலிருந்தோ ஏலத்தோட்ட லயத்திலிருந்தோ எடுத்து வளர்க்கிற நாய்களைப் பற்றி இரண்டு புகார் சேர்ந்தே வரும். "ஓயாம சொறியுது" என்பது ஒன்று. "ஒரு இடத்துல நிக்காது, சொன்ன பேச்சு கேக்காது" என்பது இன்னொன்று. கோம்பை ரத்தம் கலந்த நாயாக இருந்தால் இரண்டாவது புகார் கொஞ்சம் சத்தமாகவே வரும். கடையில் கேட்டால் முதல் புகாருக்கு ஒரு ஷாம்பு, இரண்டாவதற்கு ஒரு இரும்புச் சங்கிலி, கூடவே ஒரு பாக்கெட் சிக்கன் ஸ்டிக் எடுத்து வைப்பார்கள். இந்த மூன்றில் ஷாம்பு மட்டும்தான் தேறும். சங்கிலி கழுத்துப் புண்ணைக் கிளறும். சிக்கன் ஸ்டிக்கோ, முதல் புகாரையே வளர்த்துவிடக்கூடியது.

அரிப்பு இருக்கிற நாய் ராத்திரி சரியாகத் தூங்காது. தூங்காத நாய் பகலில் எரிச்சலும் பரபரப்புமாகத் திரியும். அதைத்தான் பலர் 'ஹைப்பர்' என்கிறார்கள். அதனால் கீழே ஒவ்வொரு பொருளையும் ஒரே கேள்வி வைத்துப் பார்த்திருக்கிறோம்: தோலுக்கும் பயிற்சிக்கும் சேர்ந்து உதவுகிறதா, ஒன்றைச் சரிசெய்ய இன்னொன்றைக் கெடுக்கிறதா?

எதை வாங்குவதற்கு முன்னும் கிளினிக்கில் தோலைச் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் பார்க்கச் சொல்லுங்கள். தேனி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு எட்டுகிற தூரம்தான். மீட்ட நாயின் சொறியில் பாதிக்கு மேல் கதை சிரங்குப் பூச்சி, தெள்ளுப்பூச்சி, ஈஸ்ட் (ஒருவகைப் பூஞ்சை) என்று அங்கேயே முடிந்துவிடலாம். அலர்ஜி என்று பெயர் வைப்பது அதற்குப் பிறகுதான். வீட்டில் இரண்டு சோதனை செய்யலாம். காது மடலின் ஓரத்தை இரண்டு விரலால் மடித்துத் தேய்த்தால் பின்னங்கால் தானாகச் சொறியத் தொடங்குகிறதா பாருங்கள். தொடங்கினால் சிரங்கைச் சந்தேகிக்க வேண்டும், அது வீட்டு ஆட்களின் கையிலும் வயிற்றிலும் அரிப்பைத் தரும். அடுத்து, வால் அடியில் மெல்லிய சீப்பால் சீவி, உதிரும் கறுப்புத் துகளை ஈரமான வெள்ளை டிஷ்யூவில் வையுங்கள். சுற்றிச் செம்பழுப்பாக ஊறினால் அது மண் இல்லை, தெள்ளுப்பூச்சியின் கழிவு. அதாவது செரித்த ரத்தம்.

உண்ணி, தெள்ளுப்பூச்சி மாத்திரைகள் பெரும்பாலும் மூன்று பெயரில் கிடைக்கின்றன. நெக்ஸ்கார்டு மாதம் ஒன்று, சிம்பாரிகா ஏறக்குறைய ஐந்து வாரம், பிராவெக்டோ தெள்ளுப்பூச்சிக்கு 12 வாரம். மூன்றும் ஒரே மருந்துக் குடும்பம், மூன்றும் வேலை செய்யும். அலர்ஜி நாய்க்கு எங்கள் தேர்வு பிராவெக்டோ. காரணம் விலை இல்லை, சாப்பாட்டுச் சோதனை, அதாவது சாப்பாடுதான் அரிப்புக்குக் காரணமா என்று பார்க்க 8 வாரம் ஒரே தீனியை மட்டும் கொடுப்பது. இந்த மாத்திரைகளில் சுவைக்காக இறைச்சி வாசனையோ புரதமோ சேர்த்திருப்பார்கள். 8 வாரச் சோதனையின் நடுவில் மாதாந்திர மாத்திரை ஒன்று வாய்க்குள் போனால் சோதனை குழம்பும். பிராவெக்டோவைச் சோதனைக்குச் சில நாள் முன்பே கொடுத்துவிட்டால் முழுக் காலத்துக்கும் தெள்ளுப்பூச்சிக் கவலை இல்லை. ஒன்று மட்டும் கவனம்: இந்தக் குடும்ப மருந்துகளால் சில நாய்களுக்கு வலிப்பு, நடுக்கம் வரலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2018-ல் எச்சரித்திருக்கிறது. நாய்க்கு முன்பே வலிப்பு வந்திருந்தால் டாக்டரிடம் சொல்லாமல் வாங்காதீர்கள். மாத்திரை கொடுத்த பிறகும் சில வாரம் புதுப் பூச்சி தென்படுவது மருந்தின் தோல்வி இல்லை. படுக்கைச் சாக்கில் இருந்த கூட்டுப்புழுக்கள் பொரித்து வருகின்றன. சாக்கைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பழைய பருத்தி பெட்ஷீட்டை விரித்து, வாரம் ஒருமுறை சுடுதண்ணீரில் அலசுங்கள்.

ஷாம்பு வாங்கும்போது பிராண்டைவிட லேபிள் முக்கியம். குளோர்ஹெக்சிடின் 2 சதவீதம் அல்லது மேல், அதோடு மிக்கனசோல் 2 சதவீதம் அல்லது கீட்டோகோனசோல் 1 சதவீதம் இருக்க வேண்டும். விர்பாக்கின் கீட்டோகுளோர் இந்த வகை. வேலை செய்யவில்லை என்று சொல்பவர்களில் பெரும்பாலோர் தடவி இரண்டு நிமிடத்தில் அலசிவிடுகிறார்கள். தோலில் 10 நிமிடம் நிற்க வேண்டும், கடிகாரம் பார்த்து. அழுக்கும் எண்ணெயும் படிந்த நாயை முதலில் சாதாரண நாய் ஷாம்பு போட்டு ஒருமுறை கழுவிவிட்டு, பிறகுதான் இதைத் தேய்க்க வேண்டும். இல்லாவிட்டால் மருந்து அழுக்கின் மேலேயே நின்றுவிடும். விரல் இடுக்கு, அக்குள், தொடை மடிப்பு, வால் அடி ஆகியவைதான் முக்கியம். முதுகில் நுரை பொங்குவது பார்க்க அழகு, அவ்வளவுதான். கண்ணுக்குள் போகக் கூடாது. வாரம் இரண்டு முறை மூன்று வாரம், பிறகு வாரம் ஒன்று. பச்சைத் தண்ணீர் போதும், சுடுதண்ணீர் அரிப்பைக் கூட்டும்.

குமுளிப் பக்கம் மழையும் பனியும் ஈரமும் அதிகம், ஈஸ்ட் சொறி அங்கே கூடுதல். கைபட்டால் பிசுபிசுப்பு, புளித்த வாடை, யானைத் தோல் போலக் கறுத்துத் தடித்த அக்குள் என்றால் அதுதான். அதன் மேல் தேங்காய் எண்ணெயோ வேப்பெண்ணெயோ பூசாதீர்கள். எண்ணெய்ப் பசையில் ஈஸ்ட் செழிக்கும், நாயும் அதை நக்கி வயிற்றுக்குள் தள்ளும். வண்டி பழைய ஆயில் பூசுகிற வழக்கம் இன்னும் இருக்கிறது. அது நேரடி விஷம்.

அபோக்வெல் (ஆக்லாசிட்டினிப்) அரிப்பை ஒரே நாளில் அடக்கிவிடும். அளவு கிலோவுக்கு 0.4 முதல் 0.6 மில்லிகிராம், முதல் 14 நாள் வரை தினம் இருமுறை, பிறகு ஒருமுறை; 15 கிலோ நாய்க்கு 16 மில்லிகிராம் மாத்திரையில் பாதி. டாக்டர் சீட்டு வேண்டும். ஒரு வயது ஆகாத நாய்க்குக் கூடாது. டெமோடெக்ஸ் (மயிர்க்காலில் வாழும் நுண்பூச்சி) இருக்கிற நாய்க்கு அதைத் தூண்டிவிடக்கூடும், அதனால்தான் சுரண்டல் சோதனையை முதலில் சொன்னோம். விலை கடிக்கும். அதற்குப் பதிலாக ஊரில் வழக்கமாகப் போடுகிற ஸ்டீராய்டு ஊசி மலிவு, நிவாரணமும் சில வாரம் நிற்கும். ஆனால் பயிற்சியைக் கெடுப்பதில் அதை மிஞ்ச ஆள் இல்லை: தண்ணீர் குடித்துக்கொண்டே இருக்கும், வீட்டுக்குள் மூத்திரம் போகும், மூச்சிரைக்கும், பசி தாங்காமல் குப்பையைக் கிளறும். பழக்கம் போச்சே என்று அடிக்கிறவர்கள் உண்டு. அது மருந்தின் வேலை, நாயின் திமிர் இல்லை. சாப்பாட்டுச் சோதனையின் கடைசி இரண்டு வாரம் இந்த இரண்டு மருந்தும் இல்லாமல் இருந்தால்தான் சாப்பாட்டால் குறைந்ததா மருந்தால் குறைந்ததா என்று தெரியும்.

சாப்பாடுதான் அதிகம் செலவாகும் இடம், அதிகம் ஏமாறும் இடமும் அதுவே. நாய்களின் உணவு அலர்ஜி பற்றி 2016-ல் வந்த ஒரு தொகுப்பாய்வில், உணவு அலர்ஜி உள்ள நாய்களில் மாட்டிறைச்சி 34 சதவீத நாய்களுக்கும், பால் பொருள் 17, சிக்கன் 15, கோதுமை 13 சதவீத நாய்களுக்கும் ஒத்துக்கொள்ளவில்லை. கேரள எல்லைக்கு அந்தப் பக்கம் பீஃபும் பரோட்டாவும், இந்தப் பக்கம் தயிர்ச்சோறும் சிக்கன் எலும்பும். நம் தெரு நாய் இந்த நான்கையும் சாப்பிட்டேதான் வந்திருக்கும். எதைச் சாப்பிட்டு வளர்ந்தது என்று தெரியாத நாய்க்கு, புரதத்தை மிகச் சிறு துண்டுகளாக உடைத்த 'ஹைட்ரோலைஸ்டு' தீனிதான் நேர் வழி. ராயல் கேனின் ஹைப்போஅலர்ஜெனிக்கில் உடைத்த சோயா, ஃபார்மினா வெட் லைஃப் அல்ட்ராஹைப்போவில் உடைத்த மீன், ஹில்ஸ் இசட்/டி-யில் உடைத்த சிக்கன் ஈரல். பயிற்சியும் சேர்ந்து நடக்க வேண்டிய நாய்க்கு, மீன் வாசனைக்காக ஃபார்மினா முதலில். சோயாத் தீனியை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொள்ளும் நாய்கள் உண்டு. 15 கிலோ நாய்க்குத் தினம் சுமார் 220 கிராம், 8 வாரத்துக்கு 12 கிலோவுக்குக் கொஞ்சம் மேல். பாதியில் தீர்ந்து ஒரு வாரம் பழைய தீனிக்குப் போனால் கணக்கு முதலிலிருந்து. அதனால் முழுதும் கணக்குப் போட்டு ஆர்டர் செய்யுங்கள். பழைய சாப்பாட்டோடு கலந்து 5 முதல் 7 நாளில் மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் வயிற்றுப்போக்கு.

'கிரெயின் ஃப்ரீ', 'சென்சிட்டிவ் ஸ்கின்' என்று எழுதிய பைகளைத் தவிருங்கள். பின்புறம் திருப்பினால் பலவற்றில் சிக்கன் கொழுப்போ சிக்கன் மீலோ இருக்கும். பெரிய பையை உடைத்துக் கிலோ கணக்கில் நிறுத்துத் தரும் தீனியும் வேண்டாம். எல்லாத் தீனிக்கும் ஒரே அகப்பை, திறந்து கிடக்கும் தீனியில் சேமிப்புச் சிலந்திப்பூச்சி வேறு. அந்தப் பூச்சியே சில நாய்களுக்கு அலர்ஜி.

சோதனை உடைவது பெரும்பாலும் தட்டில் இல்லை, ட்ரீட் பையில். கடையில் 'எலும்பு' என்று முடிச்சுப் போட்டு விற்பது பெரும்பாலும் மாட்டுத்தோல். சிக்கன் ஸ்டிக், பால் பிஸ்கட், நாய்ப் பற்பசை எல்லாமே சோதனையை முறிக்கும். கம்பம் பள்ளத்தாக்கில் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும்: பன்னீர் திராட்சையை நாய்க்கு ஒன்றுகூடப் போடாதீர்கள். திராட்சையும் உலர்திராட்சையும் நாயின் சிறுநீரகத்தைச் செயலிழக்க வைக்கும், எந்த அளவு வரை பரவாயில்லை என்று சொல்லவே முடியாது. மருந்து அடித்த கொடிக்கால் வழியாக வாக்கிங் போனால் வீட்டுக்கு வந்ததும் பாதங்களைக் கழுவித் துடைக்க வேண்டும்.

அப்போது பயிற்சிக்கு எதைக் கொடுப்பது? அந்த 220 கிராமிலிருந்தே 50 கிராம் எடுத்துத் தனிப் பையில் போடுங்கள். சாப்பாட்டுக்கு முன், பசி இருக்கும்போது, மூன்று முதல் ஐந்து நிமிடம், தினம் மூன்று வேளை. தீனிக்கு மசியாத நாய்க்குப் பொம்மையைப் பரிசாக்கலாம்.

அதற்கு ஃப்ளர்ட் போல் என்று ஒன்று விற்கிறார்கள். வாங்க வேண்டியதில்லை. முக்கால் இஞ்ச் பி.வி.சி. பைப் ஒன்றேகால் மீட்டர், அதற்குள் நுழைத்து முடிச்சிட்ட நைலான் கயிறு இரண்டு மீட்டர், நுனியில் பழைய பருத்தித் துணியை இறுகக் கட்டினால் அதேதான். துணி எப்போதும் தரையை ஒட்டி ஓட வேண்டும். மேலே தூக்கிக் குதிக்க வைத்தால் முழங்கால் போய்விடும். நாய் உட்கார்ந்தால்தான் துணி அசையும். "எடு" என்றால் துரத்தலாம், "விடு" என்றால் துணி செத்துக் கிடக்கும். நாய் வாயைத் திறந்த நொடியே மறுபடி "எடு". ஐந்து நிமிடத்தில் ஆசை தீரும் முன்பே நிறுத்துங்கள். வளர்ச்சி முடியாத குட்டிக்கும் சிமெண்ட் தரைக்கும் இது வேண்டாம். காலை ஏழு மணிக்குள் முடிப்பது நல்லது, உடம்பு சூடேறினால் அரிப்பும் ஏறும்.

டி.வி.எஸ். வண்டியில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நாயை ஓடவிடுகிறவர்களைப் பைபாஸில் தினமும் பார்க்கலாம். ஓட்டி ஓட்டிக் களைப்பாக்க நினைத்தால் நாய்க்குத் தெம்புதான் கூடும். அடுத்த மாதம் இரண்டு மடங்கு ஓடக் கேட்கும். அதற்கு ஈடு மூக்கு வேலை. தீனியைச் சிதறிப் போட்டுத் தேடச் சொல்லுங்கள். ஆனால் புல்லில் வேண்டாம், புல் பட்டு வயிறு சிவக்கிற நாய்கள் உண்டு. பெட்ஷீட்டைக் கசக்கி அதன் மடிப்புகளுக்குள் போடலாம்.

அதே பெட்ஷீட்டில் "இடம்" என்ற சொல்லைப் பழக்குங்கள்: சொன்னதும் அதில் போய்ப் படுத்திருக்க வேண்டும். ஒரு கால் பட்டதும் ஒரு தீனி. நாலு காலும் ஏறிப் படுத்ததும் மூன்று நொடிக்கு ஒன்று, பிறகு ஐந்து, பத்து, முப்பது நொடி. பிறகு நீங்கள் ஓர் அடி விலகித் திரும்பி வருவது. நேரத்தையும் தூரத்தையும் ஒரே நாளில் கூட்டுவதால்தான் இது கெடுகிறது. தூரம் கூடும் நாளில் நேரத்தைப் பாதியாக்குங்கள். நடுவில் நாய் சொறிந்தால் அதட்டாதீர்கள். பயிற்சி நேரத்தில் மட்டும் கழுத்தைச் சொறிகிறது, மற்ற நேரம் இல்லை என்றால் அது குழப்பம், பாடத்தை எளிதாக்குங்கள். எப்போதும் சொறிகிறது என்றால் அன்று பாடத்தை விடுங்கள்.

ஹார்னஸில் நெஞ்சுப் பக்கம் Y வடிவில் இருப்பதும், முன்னால் ஒரு வளையம் இருப்பதும் தேவை. வாருக்கும் உடம்புக்கும் நடுவில் இரண்டு விரல் நுழைய வேண்டும், அக்குளில் உரசக் கூடாது. நனைந்த நைலானை வீட்டுக்குள்ளும் மாட்டியே விட்டால் ஒரே ராத்திரியில் அக்குளில் ஈரப்புண் வரும். உள்ளே வந்ததும் கழற்றிவிடுங்கள். மழைக்காலத்தில் தண்ணீர் ஊறாத பிளாஸ்டிக் பூச்சுக் கயிறு நல்லது. 10 மீட்டர் நீளக் கயிற்றை ஹார்னஸின் முதுகு வளையத்தில் மட்டும் மாட்டுங்கள், கழுத்து பெல்ட்டில் மாட்டி நாய் பாய்ந்தால் கழுத்துதான் வாங்கும். ஷாக் காலருக்கு எங்கள் மதிப்பெண் சுழியம். புண்பட்ட தோலில் மின்முனை வைப்பதைப் பற்றிப் பேச வேறொன்றும் இல்லை.

எட்டு வாரம் முடிந்து அரிப்பு நன்றாகக் குறைந்திருந்தால், பழைய சாப்பாட்டை ஒரு நேரத்துக்கு ஒன்றாகத் திருப்பிக் கொடுங்கள். முதலில் உப்பு மசாலா இல்லாமல் வேகவைத்த சிக்கன் மட்டும், 14 நாள் வரை. நடுவில் அரிப்பு திரும்பினால் அன்றே நிறுத்தி, பழையபடி அடங்கிய பிறகு அடுத்த பொருள். பதினான்கு நாளும் சிக்கன் தாங்கினால் அதையே சுண்டு விரல் நகம் அளவுக்கு நறுக்கி ட்ரீட் பையில் போடலாம். நீளக் கயிற்றில் "வா" பழக்க அதுதான் சரியான நேரம்: முதல் வாரம் மூன்று மீட்டருக்குள், ஒரே ஒரு முறை கூப்பிட்டு, வந்ததும் தொடர்ந்து நாலு துண்டு, பத்து தடவையில் எட்டு தடவை வந்தால் மட்டும் ஐந்து மீட்டருக்குப் போங்கள்.